துண்டு நிருஷனின் பெயரில்

சுதாஜினியின் தாலிக்கொடி வங்கிக்குப் போன காலையில் நான் அந்த வீட்டுக் குசினி வாசலில் நின்றேன். உரம் கிடைக்காமல் நாடே அலைந்த வருசம் அது. காலபோக நெல் விதைப்புத் தொடங்கிவிட்டது. விதைநெல்லுக்கும் உழவுக்கும் நிருஷனின் கையில் சதமில்லை. அவன் சேர்ட்டை மாட்டிக்கொண்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாமிப் படத்துக்கு முன்னால் அவன் மனைவி சுதாஜினி கழுத்தில் மஞ்சள் கயிற்றை முடிந்துகொண்டு, கொடியைக் கழற்றி ஒரு கைலேஞ்சித் துணிக்குள் வைத்தாள். ஒன்பது பவுண்.

“நானும் வரட்டே? அடகுத் துண்டு எழுதேக்கை பக்கத்திலை நிண்டால் நல்லதுதானே” என்று கேட்டாள்.

மாமியார் சிவனேஸ்வரி அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “நல்லாயிருக்குப் பிள்ளை உன்ரை கதை. தாலியைக் கழட்டித் தன்ரை கையாலை வங்கியிலை நீட்டுற பொம்பிளை எங்கையாவது இருக்கிறாளோ? ஆம்பிளை கொண்டு போகட்டும். நீ விளக்கைக் கொளுத்து.”

எங்கள் பக்கத்தில் இது சட்டமில்லை, சட்டத்தைவிட இறுக்கம். காப்பு, சங்கிலி என்றால் பெண்ணே கொண்டுபோய் அடகு வைப்பாள். தாலிக்கொடி என்றால் மட்டும் அவள் வங்கிப் படி ஏறக்கூடாது. ஏறினால் புருசனுக்கு ஆகாதாம். வங்கிக்காரருக்கு இந்தச் சாத்திரம் ஒன்றும் தெரியாது. நகையை யார் நீட்டுகிறாரோ அவருடைய அடையாள அட்டையைப் பார்த்து அவருடைய பெயரில் அடகுத் துண்டு எழுதுவார்கள். துண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நகையை மீட்கலாம். அன்றைக்கு மத்தியானம் மூன்று இலட்சம் ரூபா வீட்டுக்கு வந்தது. துண்டு நிருஷனின் பெயரில், நிருஷனின் பேர்சுக்குள் இருந்தது.

நான் மீனம்மா. மல்லாவிக்குப் போகிற வீதியில், வாய்க்கால் சந்தியில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். என்னுடைய கொடி கடைசி யுத்தத்தில் அரிசிக்கும் பால்மாவுக்கும் போய்விட்டது. என் மனுசனும் அந்த மாதமே போய்விட்டார். ஆகவே அடகு வைக்க ஒன்றுமில்லாத கொடுத்துவைத்தவள் நான். மற்றவர்களின் நகைக் கதையில் மூக்கை நுழைக்கிற உரிமை இதனாலேயே எனக்கு நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கொடி வந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். சுதாஜினியின் தகப்பன் கதிர்காமநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்குக் குடியேறி வந்தவர்களின் பிள்ளை. மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் நன்கொடை என்று ஒரு தொகை கேட்டார்கள். மனுசன் மேட்டுக்காணியையும் உழவு மெசினையும் விற்றுக் கொடுத்தார். அந்தக் காசில் அவர்கள் பொன்னுருக்கிக் கொடி செய்து, ஊரைக் கூட்டித் தாலி கட்டினார்கள். கொடி மாப்பிள்ளை வீட்டுச் செலவு, அதுதான் முறை. காசு இந்தப் பக்கத்தால் போய், அந்தப் பக்கத்தால் பொன்னாகத் திரும்பி வந்தது. வருகிற வழியில் கொடுத்தவரின் பெயர் காணாமல் போய்விட்டது. கதிர்காமநாதன் பிறகு மற்றவர்களின் வயலில் யானைக் காவலுக்குப் படுத்தே காலத்தைக் கழித்துச் செத்தார். “அது நகையில்லை அக்கா, என்ரை அப்பான்ரை காணி” என்று சுதாஜினி சொல்லுவாள். அதைத் திருப்பி எடுப்பதுதான் அவளுக்கு உயிர். வேறு எதையும் அவள் பெரிதாக ஆசைப்பட்டதை நான் காணவில்லை.

அடுத்த வருசம் பொதுநோக்கு மண்டபத்தில் பயிற்சி வைத்தார்கள். பெண்களுக்கான நிதி அறிவு, ஐந்து நாள், மதியச் சாப்பாடும் போக்குவரத்துக் காசும் உண்டு. சாப்பாட்டுக்காகத்தான் நான் போனேன், ஒளிக்க ஒன்றுமில்லை. வவுனியாவிலிருந்து தேனுகா என்றொரு பிள்ளை வந்து படிப்பித்தாள். நல்ல பிள்ளை, குரலை உயர்த்தத் தெரியாது. படம் போட்ட மட்டைகளைத் தந்து ‘தேவை’ ஒரு பக்கம், ‘விருப்பம்’ ஒரு பக்கம் என்று அடுக்கச் சொன்னாள்.

“மிஸ், மனுசன்மாரின்ரை சாராயத்தை எந்தப் பக்கம் வைக்கிறது?” என்று பின்னாலிருந்து கேட்டேன். கேட்டது ஊருக்காக, என்னுடைய ஆள்தான் இல்லையே. மண்டபமே சிரித்தது.

தேனுகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அதைக் குடும்பமா இருந்து கதைச்சு முடிவெடுக்க வேணும், அக்கா” என்றாள்.

சுதாஜினிதான் உண்மையாகப் படித்தவள். எங்கள் ஊர்ப் பெண்கள் வாசலில் வந்து நிற்கிற கொம்பனிகளிடம் வாராவாரம் கட்டுகிற கடனை அவள் தனியாக இருந்து கணக்குப் பார்த்தாள். மூன்றாம் நாள் எழும்பி நின்று, “மிஸ், முதல் காசிலை பாதியைக் கட்டின பிறகும் அவங்கள் முழுக் காசுக்கும்தானே வட்டி எடுக்கிறாங்கள். அப்ப அவங்கள் சொல்லுற வட்டி இல்லையே இது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருது” என்றாள். எங்களில் பாதிப் பேர் அந்தக் கடனுக்குள் கழுத்தளவில் நின்றோம். அன்றைக்கு அவள் வாயைத் திறந்திருக்காவிட்டால் இன்னும் சிலர் இரண்டாம் கடனும் எடுத்திருப்பார்கள். கடைசி நாள் பரீட்சையில் அவள்தான் முதலாவது.

எல்லாம் சொல்லித்தந்தார்கள். வரவு, செலவு, சேமிப்பு, காப்புறுதி, வட்டி. ஐந்து நாளிலும் ஒருவர்கூட ‘உங்கள் வீட்டு நகைத் துண்டு யார் பெயரில் இருக்கிறது?’ என்று கேட்கவில்லை. குடும்பத்துக்குள் கலகம் வரக்கூடிய விசயங்களைப் பாடத்தில் சேர்க்க மாட்டார்கள் போலும்.

பயிற்சி முடிந்து வந்தவள் முதல் வேலையாகத் தன் சேமிப்புக் கணக்கைத் துடைத்தெடுத்தாள். எனக்குத் திக்கென்றது. “என்னடி, சேமி சேமி எண்டு அஞ்சு நாளாக் கத்தினதை இப்பிடித்தான் விளங்கினனியே?” என்று கேட்டேன்.

“அக்கா, வங்கி எனக்குத் தாற வட்டி சின்னன், என்னட்டை எடுக்கிற வட்டி பெரிசு. ஒரே கட்டடத்துக்குள்ளை ஒரு கவுண்டரிலை சிரிச்சுக்கொண்டு சேமிச்சு, மற்றக் கவுண்டரிலை அழுதுகொண்டு வட்டி கட்டுறது விசர் வேலை. முதல்லை கொடியின்ரை கடனை அடைக்கிறன். பேந்து சேமிப்பம்.”

கணக்கு பிசகில்லை. இரண்டு மாடு நின்றது. பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்து, மாதம் முடிய வருகிற காசில் தீவனச் செலவு போக மிச்சத்தை வங்கிக்குக் கொண்டுபோய் அடகில் கட்டினாள். பகுதி பகுதியாகக் கட்டலாம், யாரும் கட்டலாம். அதற்கு அவள் தாராளமாக வங்கிப் படி ஏறினாள். வைப்பதற்குத்தான் பெண் போகக்கூடாது, கட்டுவதற்குப் போகலாமாம். அந்த விசயத்தில் மாமியாரின் சாத்திரம் வாயை மூடிக்கொண்டிருந்தது.

நிருஷன் கெட்டவனா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லுவேன். குடிக்கிறவனில்லை, கைநீட்டுகிறவனில்லை. நெல்லு விற்ற காசில் அந்த அடகுக்கு என்று ஒரு சதமும் கொடுக்காதவன், அவ்வளவுதான். உரக் கடன், மெசின் கடன், தங்கை என்று அந்தக் காசுக்கு எப்போதும் வேறு வழி இருந்தது. இரண்டரை வருசம் அவள் தனியாகவே கட்டினாள். மகள் சுமித்திராவுக்குத் தீபாவளிச் சட்டை இல்லை, தனக்கு ஒரு செருப்பு இல்லை. மாட்டுக்குக் காய்ச்சல் வந்தபோது மட்டும் என்னிடம் கைமாற்று வாங்கினாள். அதையும் சொன்ன நாளில் தந்தாள்.

அந்த நாட்களில்தான் நிருஷனின் தங்கை வினோஜாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் நெளுக்குளம், அரசாங்க உத்தியோகம். பதினைந்து இலட்சம் நன்கொடை கேட்டிருந்தார்கள். சிவனேஸ்வரி யாரைக் கண்டாலும் பதினைந்து இலட்சத்தைப் பற்றியே கதைத்தார்.

ஒரு பின்னேரம் என்னையும் இருந்து சாப்பிடச் சொன்னார்கள். புட்டும் மீன் குழம்பும். சுதாஜினி அன்றைக்கு நல்ல சந்தோசத்தில் இருந்தாள்.

“இன்னும் நாப்பதாயிரம்தான் மாமி இருக்கு. தைப்பொங்கலுக்கு முதல் கொடியை எடுத்திடலாம்” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவளின் உற்சாகம் விடவில்லை. “பவுண் ஏறியிருக்கிற ஏத்தம் தெரியுமே? இண்டைக்கு அந்தக் கொடியைக் கொண்டுபோய் வைச்சால் பதினெட்டு லட்சம் குடுப்பாங்கள். அண்டைக்கு நாங்கள் மூண்டுதானே எடுத்தனாங்கள்.”

நிருஷன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினான். சிவனேஸ்வரி “மெய்யே?” என்றார். பிறகு எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார். அந்த வீட்டில் எனக்கு இரண்டாம் துண்டு மீன் கிடைத்தது அன்றைக்கு ஒருநாள்தான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மீன் ருசியாக இருந்தது, நான் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த பால்காசோடு நாற்பதாயிரமும் சேர்ந்துவிட்டது. மீட்பதற்குத் துண்டுக்குரியவர் வர வேண்டும் என்று அவள் நிருஷனைக் கூப்பிட்டாள்.

“இண்டைக்கு எங்கடை தண்ணி முறை. வாய்க்காலை விட்டிட்டு வரேலாது” என்றான்.

“அப்ப நான் போய்க் காசைக் கட்டிப்போட்டு வாறன். நாளைக்கு நீங்கள் போய்க் கொடியை எடுங்கோ.”

அவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். தலையில் பூ வைத்திருந்தாள். வங்கிக்குப் போக யாராவது பூ வைப்பார்களா?

அடகுக் கவுண்டரில் இருந்த பொடியன் அவள் கொடுத்த பழைய பற்றுச்சீட்டின் இலக்கத்தைக் கணினியில் தட்டிப் பார்த்தான். “அக்கா, இது முடிஞ்ச அடகு. போன மாதமே மீட்டாச்சு” என்றான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சிரிப்பு கண்வரை வந்துவிட்டது. “மீட்டிட்டாராம் அக்கா! எனக்குச் சொல்லாமல் பொங்கலுக்குத் தரலாம் எண்டு வைச்சிருக்கிறார் போலை. பாருங்கோவன் இவரின்ரை வேலையை.”

பொடியன் திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினான். “நிருஷன் எண்டிறது உங்கடை அவர்தானே? சொல்லக்கூடாது, எண்டாலும்... மீட்டு அண்டைக்கே திரும்ப வைச்சிருக்கிறார் அக்கா. புதுத் துண்டு. பதினெட்டு லட்சம்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். அவள் அழவில்லை, கத்தவுமில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, “தவணை எத்தினை மாதம்? வட்டி வீதம் என்ன?” என்று கேட்டாள். ஆறு மாதம் என்று அவன் சொன்னான், வீதத்தையும் சொன்னான். பஸ்ஸில் ஏறியதும் கைபேசியில் கணக்குப் போட்டாள். போட்டதை அழித்துவிட்டுத் திரும்பவும் போட்டாள். “பால் முழுக்க வித்தாலும் மாத வட்டிக்குக் காணாது, அக்கா” என்றாள். பூவைக் கழற்றி யன்னலுக்கு வெளியே போட்டாள்.

வீட்டில் நடந்ததற்கு நான் சாட்சி. போகாதே, இருந்து கேள் என்று என் கோபம் என்னை முற்றத்திலேயே பிடித்து வைத்துவிட்டது.

“ஓம், வைச்சனான்” என்றான் நிருஷன். “தங்கச்சியின்ரை விசயம். சொன்னால் நீ விடமாட்டாய்.”

“விடமாட்டன் எண்டு தெரிஞ்சுதானே சொல்லாமல் போனனீங்கள்?”

“ரெண்டு போகத்திலை எடுத்துத் தாறன். என்ன இப்ப?”

“ரெண்டு போகமும் விளைஞ்சால் வட்டி கட்டலாம். முதல் எங்கையிருந்து வரும்? சொல்லுங்கோ, எங்கையிருந்து வரும்?”

விடை தாயிடமிருந்து வந்தது. “என்னடி பெரிய கணக்குக் காட்டுறாய்? அது நாங்கள் செய்து போட்ட கொடி. எங்கடை கொடியை எங்கடை பிள்ளைக்காக வைச்சால் உனக்கென்ன குத்துது?”

“என்ரை அப்பா காணி வித்த காசு மாமி அது.”

“குடுத்த காசு குடுத்ததுதான். சீதனம் குடுத்திட்டுத் திருப்பிக் கேக்கிற ஊர் எது?”

நான் இடையில் புகுந்து, “அப்ப இந்தப் பிள்ளை இரண்டரை வருசமாக் கட்டின காசு?” என்றேன். சிவனேஸ்வரி என்னைப் பார்த்த பார்வையில் அந்த இரண்டாம் துண்டு மீனும் திரும்பி வந்துவிடும் போலிருந்தது. “நீ உன்ரை கடையைப் பார் மீனம்மா” என்றார். நிருஷன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான்.

இரவெல்லாம் இதை நினைத்து நினைத்து எனக்குப் பற்றி எரிந்தது. அவள் அந்த அடகைக் கட்டிக் குறைக்காமல் காசைத் தன் பெயரில் போட்டு வைத்திருந்தால், அவனுக்கு இந்தத் தொகை முழுசாகக் கையில் வந்திருக்காது. அவள் வெறுமையாக்கிக் கொடுத்த இடத்தில்தான் அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் படித்தது சரி, போட்ட கணக்கும் சரி. ஒன்றும் தெரியாத மற்றப் பெண்களைப் போல வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு கிடந்திருந்தால் இவ்வளவு நட்டப்பட்டிருக்க மாட்டாள். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

“பொலிசுக்குப் போவமே?” என்று மட்டும் கேட்டேன்.

“போய் என்னண்டு சொல்லுறது அக்கா? துண்டு அவரின்ரை பேர். அவர் வைச்சார், அவர் எடுத்தார், அவர் திரும்ப வைச்சார்.”

கலியாணம் நெளுக்குளத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நானும் போனேன். நிருஷன் மாப்பிள்ளைத் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். முறைப்படி மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட்டார். வினோஜாவின் கழுத்தில் பதினொரு பவுண் கொடி ஏறியது. மேளம் கொட்டியது, எல்லாரும் அரிசி போட்டார்கள். என் பக்கத்தில் மஞ்சள் கயிற்றைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்ற சுதாஜினியும் போட்டாள். அந்தப் பதினொரு பவுணில் எத்தனை பவுண் கதிர்காமநாதனின் மேட்டுக்காணி என்று அவள் பிரித்துப் பார்த்திருப்பாள். நான் பார்த்தேன்.

பொம்பிளை மாப்பிள்ளையோடு படம் எடுக்கிற நேரம் அவள் வினோஜாவின் காதருகே குனிந்து, “பிள்ளை, இதை எப்பவாவது வங்கிக்குக் கொண்டு போக வேண்டி வந்தால் நீயே கொண்டு போ. துண்டு உன்ரை பேரிலை இருக்கட்டும்” என்றாள்.

வினோஜா விளங்காமல் சிரித்தாள். “என்ன அண்ணி இப்பிடிக் கதைக்கிறியள்?” சிவனேஸ்வரிக்குக் கேட்டுவிட்டது. “நல்ல நாளிலை இவளின்ரை வாயிலை வாறதைப் பார்! தாலி ஏறி அரை மணித்தியாலம் இல்லை, அடகுக் கதை கதைக்கிறாள்” என்று மண்டபத்துக்கே கேட்கக் கத்தினார். திரும்பி வருகிற வான் வண்டியில் ஒருவரும் சுதாஜினியோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் தேனுகா வந்தாள். பயிற்சி எடுத்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கும் கணக்கெடுப்பாம். என் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து சுதாஜினியிடம் கேள்விகள் கேட்டுக் கையிலிருந்த கருவியில் தட்டினாள். கூட்டு வட்டி என்றால் என்ன, விலைவாசி ஏறினால் சேமிப்புக்கு என்ன நடக்கும் என்று கேட்டவை எல்லாவற்றுக்கும் சரியான விடை. தேனுகாவுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. கடைசியில், “காசு விசயத்திலை உங்களுக்கு எவ்வளவு நிம்மதி அக்கா? ஒண்டிலையிருந்து அஞ்சு மட்டும் சொல்லுங்கோ” என்றாள்.

“சைபர் இருக்கே?”

“இல்லை அக்கா.”

“அப்ப ஒண்டு.”

தேனுகா தட்டாமல் யோசித்தாள். “விடை எல்லாம் சரியாச் சொல்லுற ஆளுக்கு நிம்மதி ஒண்டு எண்டு போட்டால் மேலிடத்திலை பிழை எண்டு நினைப்பினம். மூண்டு எண்டு போடட்டே?”

எனக்கு வாய் துடித்தது. சுதாஜினி என்னை முந்திக்கொண்டாள். “ஒண்டு எண்டே போடுங்கோ மிஸ். பிழை எண்டால் வந்து பாக்கட்டும்” என்றாள். தேனுகா தலையைக் குனிந்துகொண்டு ஒன்றைத் தட்டினாள். இதுவரை ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

தவணை முடிகிற மாதம் வந்தது. நிருஷனிடம் வட்டி கட்டவும் காசில்லை. காலபோகத்தில் வெள்ளம் வந்து பாதி வயலை அள்ளிப்போய்விட்டது. அவன் சுதாஜினியிடம் வந்து, “பால்காசைக் கொஞ்சம் தாவன். வட்டியின்ரை ஒரு பங்கை எண்டாலும் கட்டுவம்” என்றான். அவள் தரமாட்டேன் என்றாள். அந்த வீட்டில் அவள் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல்தடவை.

“இனிக் கட்டுறது ஓட்டை வாளிக்குள்ளை தண்ணி ஊத்துறது மாதிரி. கொடியை இப்பவே வித்துப்போடுங்கோ. மல்லாவியிலை நகைக்கடைக்காரர் தாங்களே காசு கட்டி மீட்டு எடுக்கினம். பவுண் இன்னும் ஏறியிருக்கு. வங்கிக் காசு போக நல்ல மிச்சம் வரும். அந்த மிச்சத்தை என்ரை பேரிலை போடுங்கோ. எனக்கு அது போதும்.”

அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தகப்பனின் காணியை இரண்டாம் தரமும் விற்கச் சொல்லித் தன் வாயாலேயே கேட்டாள். ஆனால் அந்த வீட்டில் அதற்கு எழும்பிய சத்தம் வேறு.

“தாலியை விக்கிறதோ!” என்று சிவனேஸ்வரி நெஞ்சில் அடித்துக்கொண்டார். “என்ரை பிள்ளை உயிரோடை இருக்கேக்கை தாலியை விக்கச் சொல்லுறாள்!”

“சனம் என்ன சொல்லும் சுதா? கட்டின தாலியை வித்துத் திண்டவன் எண்ட பேர் எனக்கு வேணுமே?” என்றான் நிருஷன்.

இதுதான் எங்கள் மரியாதை. விற்றால் விற்றவன் என்று ஒரு ஆள் இருக்கிறான். ஏலத்தில் போனால் யாரும் விற்கவில்லை, அது போய்விட்டது, அவ்வளவுதான். வங்கிமேல் பழியைப் போட்டுவிட்டு நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து நடக்கலாம். ஆகவே ஒருவரும் ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள். வங்கியிலிருந்து முதல் அறிவித்தல் வந்தது, பிறகு கடைசி அறிவித்தல் வந்தது. நிருஷன் இரண்டையும் மடித்துச் சாமித்தட்டில் வைத்தான். சாமி என்ன செய்யும்? சாமியின் பெயரிலும் துண்டு இல்லையே.

சுதாஜினி மாடு கறந்தாள், பால் கொடுத்தாள், வருகிற காசைத் தன் கணக்கில் போட்டாள். மாமியார் அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். ‘தாலியை ஏலத்தில் விட்டவள்’ என்று ஊரில் ஒரு கதை உலவியது. விட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் நிற்க இரண்டொருத்தி தயங்கினார்கள். அவள் இரவில் அழுதாள் என்று சுமித்திரா எனக்குச் சொன்னாள். என்னிடம் வருகிறபோது கண் காய்ந்திருக்கும்.

ஆவணி வெயிலில் ஒருநாள் அவள் என் கடையில் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு நின்றாள். நிருஷன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் கைபேசி.

“சுதா, வங்கியிலையிருந்து ஏதோ வந்திருக்கு. இங்கிலீசிலை கிடக்கு. என்னண்டு ஒருக்காப் பார்.”

அவள் புண்ணாக்குத் தூசியைச் சேலையில் துடைத்துவிட்டுக் கைபேசியை வாங்கினாள். வாசித்து முடித்த பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புண்ணாக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டேன்.

“கொடி ஏலத்திலை போயிட்டுது” என்றாள் கடைசியில். பாடம் சொல்லித்தருகிறவளைப் போலத்தான் சொன்னாள். “முதலையும் வட்டியையும் கழிச்சுப்போட்டு, மிச்சக் காசைத் துண்டுக்காரரின்ரை கணக்குக்குப் போட்டிருக்கினம். உங்கடை கணக்குக்கு.”

நிருஷன் கைபேசியைத் திருப்பி வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தான். பல மாதமாக அவன் முகத்தில் இருந்த இறுக்கம் மெல்லத் தளர்ந்தது.

“எவ்வளவு?” என்று கேட்டான்.